வாக்கிங் டெட் தொடரில் இந்த ஏற்ற இறக்கம் ஏன்?

எழுதியவர்: செந்தூல்வாசி (கோலாலம்பூர்)

நண்பர்களுக்கு வணக்கம். செத்தவர்கள் நடைபிணங்களாக எழுந்து திரியும் உலகில் உயிர் பிழைக்கப் போராடுபவர்களின் கதையைச் சொல்லும் 'தி வாக்கிங் டெட்' என்ற அமெரிக்கத் தொடரை எட்டாம் சீசன் வரை பார்த்து முடித்துவிட்டேன். ஆஸ்ட்ரோவில் ஃபாக்ஸ் அலைவரிசை இருந்த காலத்தில் வாராவாரம் பார்த்து, ஏழாம் சீசனின் முதல் அங்கத்தோடு வெறுத்துப்போய் விட்டுவிட்ட தொடர் இது. அண்மையில் இணைய வழியாக முதலிலிருந்து மீண்டும் தொடங்கினேன். அடுத்தடுத்துப் பார்க்கும்போது இதன் தரம் ஒரே சீராக இல்லை என்பது முன்பைவிட அதிகமாக உறுத்துகிறது. கதையின் முக்கியத் திருப்பங்களைச் சொல்லாமல் இதைப் பேச வழியில்லை. எனவே பார்க்காதவர்கள் இதற்கு மேல் படிக்காமல் இருப்பது நல்லது.

மாமாக் கடையில் இந்தத் தொடரைப் பற்றிப் பேச்சு எழுந்தால் நண்பர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: பேச்சு அதிகம், பிணம் குறைவு. இதை என்னால் ஏற்க முடியவில்லை. என் மனத்தில் நின்ற அங்கங்களை எண்ணிப் பார்த்தால், அவற்றில் பலவும் நடைபிணங்கள் அதிகம் தலைகாட்டாத, இரண்டு மூன்று பேர் மட்டும் ஒரு வீட்டிலோ தெருவிலோ தங்களுக்குள் மல்லுக்கட்டும் அங்கங்களாகவே இருக்கின்றன.

மூன்றாம் சீசனின் 12-ஆவது அங்கமான 'கிளியர்' அதற்கு நல்ல சான்று. சிறைச்சாலையில் தங்கியிருக்கும் கதாநாயகன் ரிக்கின் குழுவினருக்கும் வுட்பரி ஊர்க்காரர்களுக்கும் போர் மூளப்போகிறது என்று பல வாரங்களாகச் சொல்லிவந்த கதை, அதை ஓரமாக வைத்துவிட்டு, ரிக், அவன் மகன் கார்ல், மிஷோன் ஆகிய மூவரையும் ஆயுதம் தேடி ரிக்கின் சொந்த ஊருக்கு அனுப்புகிறது. அங்கே, தொடரின் முதல் அங்கத்தில் ரிக்கின் உயிரைக் காப்பாற்றிய மோர்கன், மகனைப் பறிகொடுத்துச் சித்தம் கலங்கிய நிலையில் இருக்கிறான். போகும் வழியில் முதுகுப்பையுடன் ஒருவன் காரை நிறுத்தச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடி வருகிறான். கார் நிற்கவில்லை, உள்ளே இருக்கும் மூவரும் வாய் திறக்கவில்லை. திரும்பி வரும்போது அதே சாலையில் அவன் உடல் சிதைந்து கிடக்கிறது. கார் சற்றுத் தாண்டிச் சென்று நிற்கிறது, பின்னோக்கி வருகிறது, அவனுடைய பை மட்டும் காருக்குள் எடுக்கப்படுகிறது, கார் போய்விடுகிறது. இந்த மனிதர்கள் என்னவாக மாறிவிட்டார்கள் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தச் சண்டைக் காட்சியும் எனக்குச் சொல்லவில்லை.

நான்காம் சீசனின் 14-ஆவது அங்கமான 'தி க்ரோவ்' இன்னொன்று. இறந்தவர்கள் வேறு விதமாக வாழ்கிறார்கள் என்று நம்பும் லிஸ்ஸி என்ற சிறுமி, அதை மெய்ப்பிக்கத் தன் தங்கை மிக்காவையே கொன்றுவிட்டு, கையில் கத்தியுடன், பெரியவர்கள் பாராட்டுவார்கள் என்ற எதிர்பார்ப்புடன் நிற்கிறாள். அவளைப் பூக்களைப் பார்க்கச் சொல்லிவிட்டு, ரிக்கின் குழுவைச் சேர்ந்த கேரல் சுடுகிறாள். அதன்பின் மேசைக்கு எதிர் எதிரே அமர்ந்து, உடனிருக்கும் டைரீஸின் காதலியைக் கொன்றது தான்தான் என்று ஒப்புக்கொண்டு, துப்பாக்கியையும் அவன் பக்கம் தள்ளி வைக்கிறாள். அந்த மேசைக் காட்சியில் நடைபிணம் ஒன்றுகூட இல்லை.

ஆகவே மெதுவாக நகர்வதை நான் குறையாகச் சொல்லவில்லை. எதையும் தீர்மானிக்காமல் பார்வையாளனைக் காக்க வைப்பதைத்தான் குறையாகச் சொல்கிறேன். ஆறாம் சீசனின் மூன்றாவது அங்கத்தில் ரிக்கின் குழுவைச் சேர்ந்த க்ளென் குப்பைத்தொட்டியின் மேலிருந்து நடைபிணக் கூட்டத்துக்குள் விழுகிறான். குடல் பிடுங்கப்படுவதை நெருக்கத்தில் காட்டுகிறார்கள். அடுத்து வந்த அங்கங்களின் தொடக்கப் பெயர்ப் பட்டியலிலிருந்து அவனாக நடித்த ஸ்டீவன் யூனின் பெயரைக்கூட நீக்கினார்கள். ஏழாவது அங்கத்தில், அவன் தொட்டிக்கு அடியில் ஊர்ந்து தப்பிவிட்டான் என்றார்கள். அந்தச் சீசனின் இறுதியில் எதிரிக் கூட்டத்தின் தலைவன் நீகன் யாரை மட்டையால் அடித்துக் கொன்றான் என்பதையும் மறைத்து, 2016 ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை காக்க வைத்தார்கள்.

விடை வந்தபோது அது தீபாவளி வாரம். வீடெல்லாம் முறுக்கு வாசனை. திரையில் க்ளெனின் தலை பிளந்துகொண்டிருந்தது. எனக்குத் துக்கத்தைவிட எரிச்சலே மிஞ்சியது. ஒருமுறை பொய்யாகச் சாகடித்து அழவைத்தவர்கள், மெய்யாகவே சாகடிக்கும்போது அழுவதற்கு எதையும் மிச்சம் வைக்கவில்லை.

ஒரே தயாரிப்புக் குழு, ஏறத்தாழ அதே நடிகர்கள், அதே ஜார்ஜியா மாநிலத்துக் காடு. இருந்தும் இரண்டு அங்கங்களுக்கு இடையில் இவ்வளவு தூரம் ஏன் என்பதே என் கேள்வி. ஒன்பதாம் சீசனிலிருந்து தொடர்வது பயனுள்ளதா என்பதையும் சொன்னால் நன்று. ரிக் விலகிப்போவது எனக்கு முன்பே தெரியும். வாட்ஸ்அப் குழுவில் ஒரு புண்ணியவான் எழுதிவிட்டார்.

---

எழுதியவர்: பிரிக்பீல்ட்ஸ் எடிட்டர்

செந்தூல் நண்பருக்கு வணக்கம். இங்கு எடுக்கப்படும் தமிழ்த் தொலைக்காட்சி நாடகங்களுக்குப் படத்தொகுப்பு செய்வது என் தொழில். அந்தக் கண்ணோடு பார்க்கும்போது, நீங்கள் கேட்டதற்கு முதல் காரணமாக எனக்குப் படுவது கணக்கு.

முதல் சீசன் 6 அங்கங்கள்தான். இரண்டாவது 13. மூன்றிலிருந்து ஒன்பது வரை ஒவ்வொன்றும் 16. அந்தப் பதினாறையும் எட்டு எட்டாகப் பிரித்து, டிசம்பர் தொடக்கத்திலிருந்து பிப்ரவரி வரை இடைவேளை விட்டார்கள். இப்படிப் பிரித்தால் முதல் அங்கம், எட்டாவது, ஒன்பதாவது, பதினாறாவது ஆகிய நான்கும் எதையாவது வெடிக்க வைத்தே ஆக வேண்டும். வெடிக்க வேண்டியவற்றை எல்லாம் அந்த நான்கு இடங்களுக்கு ஒதுக்கிவிட்டால் இடையில் இருப்பவை என்ன செய்யும்? நடக்கும், உட்காரும், முணுமுணுக்கும். ஏழெட்டு அங்கங்களுக்கான கதையைப் பதின்மூன்றாக நீட்டி எடுத்துக்கொண்டு வருபவர்களை என் தொழிலில் பார்த்திருக்கிறேன். ஒருவர் வீட்டுக் கதவைப் பூட்டி, காரில் ஏறி, கார் நகர்ந்து, இன்னொரு வீட்டு வாசலில் நின்று, இறங்கி, அழைப்பு மணியை அழுத்தும் வரை ஒரு நொடியையும் வெட்ட வேண்டாம் என்பார்கள். வெட்டினால் நேரம் நிரம்பாது. குழம்பில் தண்ணீர் ஊற்றியதை உண்பவர் கண்டுபிடிக்க மாட்டார் என்ற நம்பிக்கைதான்.

இரண்டாவது காரணம், தலைமை மாறியது. 2010 அக்டோபர் 31 அன்று ஒளிபரப்பான முதல் அங்கத்தை எழுதி இயக்கியவர் ஃபிராங்க் டாரபான்ட். இரண்டாம் சீசன் தயாரிப்பில் இருந்தபோதே, 2011 ஜூலையில் அவரை நீக்கிவிட்டார்கள். அதன் தொடர்பாக 2013-இல் தொடுக்கப்பட்ட வழக்கு ஏழு ஆண்டுக்கு மேல் இழுத்து, 2021-இல் 20 கோடி டாலர் கொடுத்துத்தான் முடிந்தது. அவருக்குப் பின் க்ளென் மசாரா மூன்றாம் சீசன் முடியும் வரை பொறுப்பில் இருந்தார். நான்கிலிருந்து எட்டு வரை ஸ்காட் கிம்பிள். ஒன்பதிலிருந்து இறுதி வரை ஏஞ்சலா காங். பதினோரு சீசன்களுக்கு நான்கு தலைமைகள் என்றால் சமையல் மாறாமல் எப்படி இருக்கும்?

நீங்கள் பாராட்டிய 'கிளியர்', 'தி க்ரோவ்' ஆகிய இரண்டையும் எழுதியவர் இதே ஸ்காட் கிம்பிள்தான். உங்களை எரிச்சலூட்டிய குப்பைத்தொட்டியும் நீகனின் மட்டையும் அவர் தலைமையில் வந்தவையே. எனக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை. தனித்து நிற்கும் ஒரு அங்கத்தை எழுதுவதில் அவர் கைதேர்ந்தவர். முக்கியக் கதை ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு வாரம் விலகிச் சென்று, இரண்டு மூன்று பேரை மட்டும் வைத்து எழுதினால் பார்ப்பவருக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். ஆனால் தலைமைப் பொறுப்புக்கு வந்தபின் அந்த விலகலையே நடைமுறை ஆக்கினார். ஏழாம் சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் அங்கத்தில் இருவர் கொல்லப்பட்ட அதிர்ச்சி அடங்குவதற்குள், இரண்டாவது அங்கம் புலி வளர்க்கும் எசக்கியல் ராஜாவின் ஊருக்குப் போகிறது, மூன்றாவது ரிக்கின் தோழன் டேரில் அடைபட்ட இருட்டறைக்கு, நான்காவது ரிக்கின் குழு வாழும் அலெக்சாண்ட்ரியாவுக்கு, ஐந்தாவது ஹில்டாப் என்ற இன்னொரு ஊருக்கு, ஆறாவது முழுவதும் டாரா என்ற ஒரே பெண்ணோடு கடற்கரைக்கு. தனித்தனியே இவை மோசமில்லை. இருட்டறையில் டேரிலை உறங்கவிடாமல் ஒரே உற்சாகப் பாட்டை மீண்டும் மீண்டும் ஒலிக்க விடுவது நல்ல கற்பனை. ஆனால் கணவன் க்ளெனை இழந்த மேகியின் நிலை என்னவென்று அறிய ஐந்தாவது வாரம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தச் சீசனின் முதல் அங்கத்தை அமெரிக்காவில் 1 கோடியே 70 லட்சம் பேர் பார்த்தார்கள். அதன்பின் அந்த உயரத்தை இத்தொடர் ஒருபோதும் எட்டவில்லை.

ஒன்பதாம் சீசனைத் தாராளமாகப் பாருங்கள். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். இப்போது ஒரு நாடகத்தை முடித்துக் கொடுக்க வேண்டிய அவசரம்.

---

எழுதியவர்: பட்டர்வொர்த் டீச்சர் (பினாங்கு)

இருவரும் எழுதியதைப் படித்தேன். 'காக்க வைப்பது' குறை என்று செந்தூல் நண்பர் பொதுவாகச் சொன்னதை மட்டும் மறுக்க விரும்புகிறேன். இரண்டாம் சீசனின் பண்ணைவீட்டுப் பகுதியை எல்லோரும் இழுவை என்று தள்ளிவிடுகிறார்கள். எனக்கோ, முழுத் தொடரிலும் அதுவே மிகவும் நெருக்கமான பகுதி.

நான் பெருநிலத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். தோட்டம் கைமாறி, லயத்து வீடுகளை உடைப்பதற்கு முன், எங்கள் பெரியவர்கள் சில மாதங்கள் எப்படி இருந்தார்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது. பிறர் நிலத்தில், பிறர் கொடுத்த கெடுவில் இருப்பவர்கள் குரலை உயர்த்திப் பேச மாட்டார்கள். கிணற்றில் நீர் இறைப்பதற்குக்கூட ஒரு தயக்கம் இருக்கும். பண்ணைக்காரர் ஹெர்ஷெலின் நிலத்தில் கூடாரம் அடித்துத் தங்கும் ரிக்கின் ஆட்களிடம் நான் அதையே பார்த்தேன். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு திரியக் கூடாது என்பது நிலத்துக்காரரின் விதி. களஞ்சியத்தின் பக்கம் போகக் கூடாது. கார்லின் காயம் ஆறியதும், காணாமற்போன சிறுமி கிடைத்ததும், எல்லோரும் கிளம்பிவிட வேண்டும். ஹெர்ஷெல் கெட்டவர் இல்லை. கார்லின் உயிரைக் காப்பாற்றியவரே அவர்தான். ஆனால் நிலம் அவருடையது. இந்த உறவைச் சொல்ல இரண்டு அங்கங்கள் போதா. நாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர வேண்டும்.

களஞ்சியத்துக்குள் என்ன இருக்கிறது என்பதை வெளிப்படுத்திய விதத்தையும் பாருங்கள். ஆறாவது அங்கத்தின் தொடக்கத்தில் பட்ரீஷியா என்ற பெண் ஒரு கோழியைப் பிடித்து, அதன் கால்களை நிதானமாக ஒடிக்கிறாள். பிறகு மாடியிலிருந்து கீழே இருட்டுக்குள் போடுகிறாள். கோழி ஓடி ஒளியாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே அந்த ஒடித்தல். கீழே அடைத்து வைக்கப்பட்டிருக்கும் நடைபிணங்களில் ஹெர்ஷெலின் மனைவியும் மனைவியின் மகனும் இருக்கிறார்கள். அவர் கண்ணுக்கு அவர்கள் நோயாளிகள். மருந்து வரும் வரை பராமரிக்க வேண்டியவர்கள். கோழிக்கு அந்த வீட்டில் நடப்பது கொடுமை. ஆனால் அதைச் செய்யும் கை அன்பின் காரணமாகச் செய்கிறது.

ஏழாவது அங்கத்தில் ரிக்கின் நண்பன் ஷேன் களஞ்சியத்தின் பூட்டை உடைக்கிறான். வெளியே வருபவற்றை வரிசையாக நின்று சுட்டு முடிக்கிறார்கள். எல்லாம் அடங்கியபின், கடைசியாக, கேரலின் மகள் சோஃபியா தள்ளாடிக்கொண்டு வருகிறாள். முதல் அங்கத்தில் நெடுஞ்சாலையில் காணாமற்போனவளை ஆறு அங்கங்களாக எல்லோரும் காடெல்லாம் தேடியிருக்கிறார்கள். அந்தத் தேடல் அலுப்பூட்டியது உண்மைதான். ஆனால் அத்தனை நாள் அலுத்திருந்தால்தான், அவள் ஐம்பது அடி தூரத்தில் இருந்தாள் என்பது இப்படி வயிற்றில் அடிக்கும். இதை மூன்று அங்கங்களாகச் சுருக்கியிருந்தால் அந்தக் காட்சி ஒரு திருப்பமாக மட்டும் இருந்திருக்கும்.

காக்க வைத்தபின் கையில் எதைக் கொடுக்கிறார்கள் என்பதே என் அளவுகோல். சோஃபியாவுக்காகக் காத்திருந்தவர்களுக்கு ஓர் உண்மை கிடைத்தது. க்ளெனுக்காகக் காத்திருந்தவர்களுக்கு ஒரு தந்திரம்தான் கிடைத்தது. அந்த இடத்தில் செந்தூல் நண்பரோடு எனக்கு வேறுபாடு இல்லை.

பண்ணைவீட்டுப் பகுதியில் எனக்கு உண்மையான குறை ஒன்று உண்டு. ரிக்கின் மனைவி லோரி என்ன நினைக்கிறாள் என்பதை எழுத்தாளர்கள் தீர்மானிக்கவே இல்லை. கணவனைத் தேடித் தனியாகக் காரில் கிளம்பி விபத்தில் சிக்குவாள். அதற்கு முன்னும் பின்னும் அவள் சொல்வது ஒன்றோடொன்று பொருந்தாது. மூன்றாம் சீசனில் ஆண்ட்ரியாவுக்கும் இதே கதிதான். வுட்பரியை ஆளும் கவர்னர் எத்தகையவன் என்று எல்லாருக்கும் தெரிந்தபின்னும் அவளுக்கு மட்டும் தெரியாது. ஏனென்றால் தெரிந்துவிட்டால் சீசன் முடிந்துவிடும். கதைக்கு நேரம் தேவைப்படும்போதெல்லாம் பெண்களின் அறிவைக் கழற்றி வைப்பது எனக்கு மிகுந்த எரிச்சல் தந்தது. கேரல் ஒருத்திதான் அதிலிருந்து தப்பினாள்.

---

எழுதியவர்: கெப்போங் இரவுப்பணி

பாதுகாவலர் வேலையில் விடிய விடிய இந்தத் தொடரைக் கைப்பேசியில் பார்த்து முடித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லிக்கொள்கிறேன். எனக்கு உறக்கம் வந்தது பேச்சு நிறைந்த அங்கங்களில் அல்ல, எட்டாம் சீசனில். அங்கே ஓயாமல் துப்பாக்கிச் சத்தம்தான். முதல் மூன்று சீசன்களில் ஒவ்வொரு தோட்டாவையும் எண்ணினார்கள். சுட்டால் சத்தம் கேட்டுக் கூட்டம் வந்துவிடும் என்று கத்தியைத்தான் எடுத்தார்கள். எட்டாம் சீசனில் ஆளுக்கு ஒரு தானியங்கித் துப்பாக்கி, தீராத தோட்டா, எவ்வளவு சுட்டாலும் முக்கியமானவர்கள் மேல் படாத குறி. சத்தத்துக்கு நடைபிணங்களும் வருவதில்லை. நண்பர் சொல்லும் 'தீர்மானம்' அங்கேதான் அறவே இல்லை. இரண்டாம் சீசனை இரண்டே இரவுகளில் பார்த்ததால் எனக்கு அது இழுவையாகவே படவில்லை என்பதையும் டீச்சருக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். வாரம் ஒன்றாகப் பார்த்தவர்களின் சாபம்தான் அந்தச் சீசனுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்திருக்க வேண்டும்.

---

எழுதியவர்: ஆயர் ஈத்தாம் சித்திரக்கதைப் பிரியன் (பினாங்கு)

மூலச் சித்திரக்கதையைப் படித்தவர் யாரும் இதுவரை பேசவில்லை என்பதால் நான் குறுக்கிடுகிறேன். ராபர்ட் கிர்க்மன் எழுதி, 2003-இல் தொடங்கி 2019-இல் 193-ஆவது இதழோடு முடிந்த கறுப்பு வெள்ளைக் கதை அது. முதல் ஆறு இதழ்களுக்கு டோனி மூர் வரைந்தார். பிறகு முழுவதும் சார்லி அட்லார்ட். முடியப்போகிறது என்ற முன்னறிவிப்பே இல்லாமல் முடித்தார்கள். காக்க வைப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் இங்கே அதைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

எடிட்டர் ஐயா சொன்ன கணக்கை ஒப்புக்கொள்கிறேன். எனினும் எந்த இடத்தில் தண்ணீர் கூடியது என்பதை அந்தக் கணக்கு சொல்லாது. தொடர் எங்கெல்லாம் சித்திரக்கதையின் பெயர்பெற்ற நிகழ்ச்சி ஒன்றை நோக்கிப் போகிறதோ, அங்கெல்லாம் அதற்கு முன்னால் நின்று தவங்குகிறது என்பது என் கணிப்பு. க்ளென் கொல்லப்படுவது சித்திரக்கதையின் 100-ஆவது இதழில். அது வந்தது 2012-இல். எனவே ஆறாம் சீசனை எழுதியவர்களுக்கும், பார்த்தவர்களில் பெரும்பகுதியினருக்கும், நீகன் வருவான், மட்டையைத் தூக்குவான், யாரோ சாவார்கள் என்பது தெரியும். தெரிந்த ஒன்றை மறைத்து விளையாட வேண்டிய கட்டாயம் அங்கிருந்துதான் வந்தது. குப்பைத்தொட்டித் தந்திரமும், மட்டை யார்மேல் விழுந்தது என்பதைக் காட்டாமல் திரையை இருட்டாக்கியதும், படித்தவர்களைத் திசைதிருப்பச் செய்த வேலைகள். படித்த நாங்கள் திசைமாறவும் இல்லை. படிக்காத நீங்கள் ஏமாந்ததுதான் மிச்சம். எட்டாம் சீசனில் நீகனோடு நடக்கும் போரும் அப்படியே. சித்திரக்கதையில் அது 115 முதல் 126 வரை பன்னிரண்டு மெல்லிய இதழ்கள். அதைப் பதினாறு அங்கங்களாக்கினால் கெப்போங் நண்பர் உறங்கத்தான் செய்வார்.

மறுபுறம், தொடர் மூலத்தைவிட்டுத் துணிந்து விலகிய இடங்களைப் பாருங்கள். டீச்சர் எழுதிய சோஃபியா சித்திரக்கதையில் சாவதே இல்லை. இறுதி இதழில் வளர்ந்து நிற்கும் கார்லுக்கு அவள்தான் மனைவி! கேரல் அங்கே சிறைச்சாலைக் காலத்திலேயே இறந்துவிடுகிறாள். டேரில் என்ற ஆளே கிடையாது. செந்தூல் நண்பர் போற்றும் 'தி க்ரோவ்' கதையின் விதையும் மூலத்தில் இருக்கிறது: பென் என்ற சிறுவன் தன் இரட்டைச் சகோதரனைக் கொன்றுவிடுகிறான், என்ன செய்வதென்று பெரியவர்கள் தயங்கிக்கொண்டிருக்க, இரவில் கார்ல் யாருக்கும் தெரியாமல் அவனைச் சுட்டுவிடுகிறான். அந்தச் சுமையைச் சிறுவனிடமிருந்து எடுத்து, பெற்ற மகளை இழந்த கேரலின் கையில் தொடர் கொடுத்தது. மூலத்தைவிட அது கனமானது என்பதே என் எண்ணம். முன்கூட்டியே யாருக்கும் தெரியாத ஒன்றை எழுதும்போது எழுத்தாளர்கள் ஒளிக்க முயல்வதில்லை. அப்போது அங்கம் நேராகப் போகிறது.

இதற்கு விதிவிலக்கு, எட்டாம் சீசனில் கார்லைச் சாகடித்தது. அதுவும் துணிந்த விலகல்தான். ஆனால் கதை முழுவதுமே அந்தப் பிள்ளைக்கு எத்தகைய உலகத்தை விட்டுச்செல்வது என்பதைப் பற்றியது. அவனை எடுத்துவிட்டபின் ரிக் எதற்காகப் போராடுகிறான் என்று கேட்டால் விடை சொல்ல ஆளில்லை. கடிபட்டதற்குக் காரணமாகக் காட்டிய நிகழ்ச்சியும் போருக்குச் சற்றும் தொடர்பில்லாத தற்செயல். தொடர் தன் காலிலேயே வெட்டிக்கொண்டது அங்கேதான் என்று நான் நினைக்கிறேன். இந்தக் கருத்துக்கு அடி வாங்கவும் தயார்.

---

எழுதியவர்: செந்தூல்வாசி (கோலாலம்பூர்)

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. டீச்சர் சொன்ன அளவுகோல் பண்ணைவீட்டுக்குப் பொருந்துகிறது. ஆனாலும் அந்தச் சீசனின் நான்காவது அங்கத்தில் கிணற்றுக்குள் விழுந்த கொழுத்த நடைபிணத்தைக் கயிறு கட்டி இழுத்து, அது இரண்டாகப் பிய்ந்து நீரைக் கெடுக்கும் அந்த நீண்ட காட்சி எதைச் சேர்த்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அந்த அளவு நேரத்தை ஹெர்ஷெலுக்கும் ரிக்குக்கும் கொடுத்திருக்கலாம். அருவருப்பு வேண்டும் என்று மேலிடத்திலிருந்து யாரோ கேட்டதுபோல் இருக்கிறது.

கார்ல் விஷயத்தில் ஆயர் ஈத்தாம் நண்பரை அடிக்க மாட்டேன், கைகொடுக்கிறேன். அதே நேரத்தில் மூலத்திலிருந்து விலகினால் நன்றாக வரும் என்ற அவருடைய வாதத்துக்கு, மூலத்தில் இல்லாத குப்பைத்தொட்டியே எதிர்ச்சான்று ஆகிறதே. விலகுவதா தொடர்வதா என்பதைவிட, அந்த அங்கம் முடியும்போது யாராவது ஒருவர் திரும்பிப் போக முடியாத ஓர் இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறாரா என்று பார்ப்பதே எனக்கு இன்னும் சரியாகப் படுகிறது.

எடிட்டர் ஐயாவிடம் ஒரு சிறு விளக்கம் தேவை. பத்தாம் சீசனில் 22 அங்கங்கள் இருப்பதாகப் பட்டியல் காட்டுகிறது. அதில் கடைசி ஆறு பெருந்தொற்றுக் காலத்தில் ஒட்டவைத்தவை என்றும் அவற்றைத் தவிர்க்கலாம் என்றும் ஒருவர் சொன்னார். தவிர்க்கலாமா?

---

எழுதியவர்: பிரிக்பீல்ட்ஸ் எடிட்டர்

ஆறையும் தவிர்க்க வேண்டாம். ஆனால் ஆறையும் பார்க்கவும் வேண்டாம்.

முதலில் ஒன்பதாம் சீசன். ஏஞ்சலா காங் பொறுப்பேற்றபின் அங்கங்களுக்குள் மீண்டும் காற்றோட்டம் வந்தது. ரிக் விலகும் ஐந்தாவது அங்கத்துக்குப் பின் கதை ஆறு ஆண்டுகளைத் தாண்டிக் குதிக்கிறது. அந்தத் துணிச்சலே பழைய இழுவையைப் பாதி தீர்த்துவிட்டது. பதினைந்தாவது அங்கம் ஆயர் ஈத்தாம் நண்பரின் வாதத்துக்கு ஒரு சோதனையாக இருக்கும். சித்திரக்கதையில் பெயர்பெற்ற ஒரு கொடூர நிகழ்ச்சி அதில் வருகிறது. படித்தவர்கள் அதை எதிர்பார்த்தே உட்கார்ந்திருந்தார்கள். தொடர் அதை மறைத்து விளையாடவில்லை. நிகழ்ச்சியை அப்படியே வைத்துக்கொண்டு ஆட்களை மட்டும் பெரும்பாலும் மாற்றியது. சந்தை, சிரிப்பு, சமரசம் என்று ஒரு முழு அங்கம் ஓடி, கடைசி நிமிடங்களில் ஒவ்வொரு முகமாகக் காட்டுகிறார்கள். விவரத்தை நீங்களே பாருங்கள்.

பத்தாம் சீசனின் 16-ஆவது அங்கம் 2020 ஏப்ரலில் வந்திருக்க வேண்டியது. பெருந்தொற்றால் ஒளிப்பதிவுக்குப் பிந்தைய வேலைகளை முடிக்க முடியாமல் அக்டோபர் 4-ஆம் தேதிக்குத் தள்ளிப்போயிற்று. இங்கே நாமும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையில் வீட்டுக்குள் கிடந்த காலம் அது; என் மேசையிலும் பாதி வெட்டிய நாடகங்கள் அப்படியே கிடந்தன. அதன்பின் எடுத்த ஆறு அங்கங்களிலும் கூட்டத்தைச் சேர்க்க முடியாது என்பதால் ஓர் அங்கத்துக்கு இரண்டு மூன்று பேர்தான். ஆறுக்கும் ஒரே கட்டுப்பாடு, ஒரே தலைமை; ஆகவே நீங்கள் எழுப்பிய கேள்விக்கு இதைவிடச் சுத்தமான பரிசோதனைக்கூடம் கிடைக்காது.

21-ஆவது அங்கமான 'டைவர்ஜ்ட்' முழுவதும் கேரல் வீட்டில் சூப் வைக்க முயல்கிறாள், ஒரு எலியைப் பிடிக்க முயல்கிறாள்; டேரில் மோட்டார் சைக்கிளைப் பழுதுபார்க்கிறான். தொடக்கத்தில் இருவருக்கும் இடையே இருந்த பிணக்கு முடிவிலும் அப்படியே இருக்கிறது. அதற்கு அடுத்த வாரமே வந்தது 'ஹியர்ஸ் நீகன்'. நீகனின் மனைவி லூசில், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு படுத்திருக்கிறாள். மருந்தைக் குளிர வைத்திருந்த பெட்டி நின்றுபோக, புதிய மருந்தைத் தேடி அவன் கிளம்புகிறான். ஊரை மிரட்டிய அந்த மட்டைக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதை அது காட்டுகிறது. லூசிலாக நடித்த ஹிலரி பர்ட்டன், நீகனாக நடிக்கும் ஜெஃப்ரி டீன் மோர்கனின் மெய்யான மனைவி என்பதால், படுக்கையருகே அவர்கள் பேசிக்கொள்வதில் நடிப்பின் தடமே தெரியாது. எலியும் சூப்பும் இருந்த அங்கத்துக்கு ஆன செலவைவிட இதற்குப் பெரிதாகக் கூடியிருக்காது என்றுதான் என் தொழில் அனுபவம் சொல்கிறது.

எனவே 16 வரை வரிசையாகப் பாருங்கள். பிறகு, மேகி திரும்பி வந்தபின் நடப்பது புரிவதற்காக 17-ஆவதைப் பாருங்கள். ஏரனும் பாதிரியார் கேப்ரியலும் ஒரு அந்நியனிடம் சிக்கும் 19-ஆவதைப் பாருங்கள். கடைசியாக நீகனின் 22-ஆவதைப் பாருங்கள். பதினொன்றாம் சீசனின் 24 அங்கங்களை எட்டு எட்டாக மூன்று பகுதிகளாக்கி ஒளிபரப்பினார்கள் என்பதால் இடைவேளைக்கான வெடிகள் அங்கே இரண்டு மடங்கு. இணையத்தில் தொடர்ச்சியாகப் பார்க்கும்போது 8-ஐயும் 9-ஐயும் ஒரே இரவில், 16-ஐயும் 17-ஐயும் ஒரே இரவில் பார்த்துவிடுங்கள்; பாதி எரிச்சல் குறையும்.